இளைப்புக்குக் கருங்குரங்கு

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அப்பத்தா ஹார்லிக்ஸ் பாட்டிலில் கன்னங்கரேலென்று ஏதோ கொண்டுவந்து அடுப்படி மாடத்தில் வைத்தாள். மூடிக்கு அடியில் கிழிந்த வேட்டித் துணி. அதையும் மீறி நல்லெண்ணெய் கசிந்து பாட்டிலின் கழுத்தில் பிசுபிசுத்தது. மறுநாளிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு, ராத்திரி படுக்கும்முன் சுண்டைக்காய் அளவு. முதலில் கருப்பட்டி இனிக்கும். அப்புறம் மிளகும் திப்பிலியும் தொண்டையில் ஏறும். எல்லாம் இறங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கவிச்சி நிற்கும். அந்தக் கவிச்சிதான் மருந்து என்பாள் அப்பத்தா.

அதன் பெயர் கருங்குரங்கு லேகியம். எனக்கு இளைப்பு. மார்கழி பிறந்துவிட்டால் என் நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைப் புல்லாங்குழல் ஊதுவார்கள். உசிலம்பட்டியில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள், கழுத்தில் தாயத்துக் கட்டினார்கள். எதற்கும் அடங்காத இளைப்புக்குக் கடைசி வைத்தியம் அந்த லேகியம். 1970களின் பிற்பகுதியில் எங்கள் பக்கம் அதை யாரும் ஒளித்து மறைத்து விற்றதாக நினைவில்லை. சந்தை நாளில் ஒருவர் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். முன்னால் வேர்கள், பட்டைகள், மயில் எண்ணெய் என்று சொல்லப்பட்ட ஒரு சீசா. நடுவில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, காய்ந்த கை ஒன்று.

கருப்புத் தோல் சுருங்கிப்போன, மணிக்கட்டோடு நின்றுவிட்ட கை. சரக்கு அசல் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அப்பத்தா பேரம் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்கள் என் நகங்களைப் போலவே இருந்தன. நான்கு விரல்கள் நீளமாக, உள்பக்கமாக மடங்கியிருந்தன. கட்டைவிரல் மட்டும் ஏதோ வளராமல் நின்றுபோனதுபோலக் குட்டையாக இருந்தது. பாவம், சப்பாணி விரல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. கோயில் வாசலில் வேனை விட்டு இறங்குவதற்குள் ஒரு தாட்டான் வந்து அப்பத்தாவின் கைப்பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை உருவிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. கூட்டமே சிரித்தது. அப்பத்தா கோபப்படவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆஞ்சநேயர் எடுத்துக்கொண்டாராம். நான் வெள்ளந்தியாகக் கேட்டேன்: "இந்தக் குரங்கைத்தானே அப்பத்தா நான் தினமும் சாப்பிடுகிறேன்?"

வாயிலேயே ஒன்று விழுந்தது. "வாயைக் கழுவுடா. இது சாமி. அது வேறு. அது மேற்கே மலையில் இருக்கிறது. உலகத்தில் உள்ள மூலிகையெல்லாம் தின்று வளர்கிறது. அதனால்தான் அதன் கறி மருந்து."

கிழவி சொன்னதில் இரண்டு விஷயம் சரி. அது வேறு குரங்கு. அது மேற்கே மலையில்தான் இருக்கிறது. மூன்றாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அழகர்மலையில் நாம் பார்ப்பது நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் வகிடு எடுத்துத் தொப்பி வைத்ததுபோல முடி பரந்திருக்கும்; வெளுத்த இளஞ்சிவப்பு முகம். தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் இது. அதையே நாம் பொருட்டாக எண்ணுவதில்லை என்பது தனிக் கதை. மேற்கே இருப்பது கருமந்தி. நீலகிரி லங்கூர் என்று புத்தகங்களில் போடுவார்கள். பழைய தமிழுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லி, மூன்றிலும் பெண்ணுக்கு மந்தி என்ற பெயரைத் தருகிறது. நாம்தான் காலப்போக்கில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். எனக்கே ஐம்பது வயது தாண்டும்வரை குரங்கு என்றால் அழகர்கோவில் குரங்குதான்.

போன தை மாதம் ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, சின்னமனூரில் சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மேகமலைக்குப் போனேன். தென்பழனி சோதனைச்சாவடிக்கு மேல் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். கீழே முள்ளும் கள்ளியும். நடுவில் இலையுதிர் மரங்கள். மேலே போகப் போகக் காற்றில் ஈரம். கடைசியில் மலையையே ஒட்ட முடி வெட்டியதுபோலத் தேயிலை. தேயிலைக்கு நடுவே, சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும், வெட்டாமல் விட்ட காடு திட்டுத்திட்டாக நிற்கிறது.

எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் துணைக்கு வந்தார். எழுபது கடந்தவர், மேட்டில் என்னைவிட வேகமாக நடந்தார். நான் இரண்டு முறை நின்று இன்ஹேலர் அடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது முறை நான் நின்றபோது, "சத்தம் கேட்கிறதா சார்?" என்றார். என் நெஞ்சின் சத்தத்தைச் சொல்கிறாரோ என்று கூச்சமாகிவிட்டது. அவர் காட்டைச் சொன்னார். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, வெறும் பானைக்குள் வாயை வைத்து ஊதியதுபோல, ஹூ… ஹூ… ஹூ… என்று அடுக்கடுக்காக ஒரு குரல். கூட்டத்தின் ஆண், இது எங்கள் இடம் என்று அடுத்த கூட்டத்துக்கு அறிவிக்கிறது.

அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டன. எட்டோ ஒன்பதோ இருக்கும். உடம்பு முழுக்க மினுமினுக்கும் கருப்பு. தலையில் மட்டும் பழுப்புப் பொன் நிறத்தில், முகத்தைச் சுற்றிப் பரந்த முடி. உடம்பைவிட நீண்ட வால் கிளைக்குக் கீழே மணிக்கயிறுபோலத் தொங்கியது. ஒரு தாயின் வயிற்றில் செம்பழுப்பாக ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறக்கும்போது அந்த நிறம். சில வாரங்களில் கருத்துவிடும். உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் சாவடியில் தலைப்பாகை கட்டிய கிழவர்கள் பஞ்சாயத்துக்குக் கூடியதுபோல இருந்தது. எங்களை ஒருமுறை பார்த்தன. என் தோளில் ஒரு பை. அதற்குள் சித்தி கட்டிக்கொடுத்த வாழைப்பழம். அழகர்கோவில் பழக்கத்தில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குரங்கு என்னை லட்சியம் செய்யாமல் இருந்ததில் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பெரியவர் தன் பைனாகுலரைத் தந்தார். அருகில் இருந்த பெண் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவசரமில்லை. கிளையை ஒரு கையால் வளைத்து நெஞ்சோடு அணைக்கிறது. முற்றிய இலைகளை ஒதுக்கிவிட்டு, நுனியில் வெளிறிச் சிவந்த தளிர்களாகப் பார்த்துக் கொய்கிறது. சில இலைகளில் காம்பை மட்டும் கடித்து மென்றுவிட்டு இலையைக் கீழே போடுகிறது. சுள்ளியைப் பிடித்திருந்த அந்தக் கை பைனாகுலரில் முழுசாகத் தெரிந்தது. நான்கு நீண்ட விரல்கள் உள்பக்கமாக மடங்கி, கொக்கிபோல. கட்டைவிரல் குட்டை.

சப்பாணி விரல் இல்லை. இலை தின்னும் குரங்குகளின் கை அப்படித்தான். கிளைக்குக் கிளை தாவித் தொங்குவதற்கு நான்கு விரல் கொக்கி போதும், கட்டைவிரல் சிறுத்துவிட்டது. நாட்டுக் குரங்குக்கு அப்படி இல்லை. வேர்க்கடலையை உரித்து உமி ஊதித் தின்கிற கை அது.

இத்தனை வருடமாக எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். சந்தை மரத்தடியில் விற்றதெல்லாம் ஆட்டுக்கறியும் கருப்பட்டியும்தான், அந்த ஆள் எங்கே மலை ஏறினான் என்று. பாதி லேகியம் அப்படிப் போலியாகவே இருந்திருக்கலாம். ஆனால் சாக்கின்மேல் இருந்த கை போலி இல்லை. யாரோ மலை ஏறியிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டம் நகர்ந்த பிறகு மரத்தடிக்குப் போனேன். காம்பு கடிபட்ட இலைகள் கிடந்தன. அசட்டுத் துணிச்சலில் ஒரு தளிரை எடுத்துக் கடித்துவிட்டேன். பச்சை மாவடுவும் வேப்பங்கொழுந்தும் சேர்ந்த துவர்ப்பு, நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. துப்பித் துப்பி வாய் கொப்பளித்தேன். பெரியவர் சிரித்தார். "நல்ல ஆள் சார் நீங்கள். அது வயிறு என்ன, உங்கள் வயிறு என்ன?"

விளையாட்டாகக் கேட்டார். ஆனால் கருமந்தியின் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. செடியும் மரமும் ஓடி ஒளிய முடியாதவை. தின்ன வருகிறவனை விரட்ட இலைக்குள் துவர்ப்பையும் நஞ்சையும் நாரையும் வைத்திருக்கின்றன. கருமந்தியின் இரைப்பை ஒற்றைப் பை இல்லை. பல அறைகள் கொண்டது. முதல் அறைகளில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து இலையைப் புளிக்கவைத்து, நாரைச் சிதைத்து, நஞ்சில் பெரும்பங்கை முறித்து, அதற்குப் பிறகே உடம்புக்கு அனுப்புகின்றன. மாட்டின் வயிறு மாதிரிதான். அசைபோடுவது மட்டும் கிடையாது. அதனால்தான் சாப்பிட்ட பிறகு பகலில் பாதி நேரம் அது சும்மா கிளையில் சாய்ந்து கிடக்கிறது. சோம்பல் இல்லை, உள்ளே உலை கொதிக்கிறது.

ஆக, மூலிகையெல்லாம் தின்பதால் கறி மருந்து என்ற அப்பத்தாவின் மூன்றாவது விஷயம் இங்கே உடைகிறது. இலையில் இருக்கும் காரசாரமான சரக்கை உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்குத்தான் அந்த வயிறே இருக்கிறது. புல் தின்கிற ஆட்டின் கறியில் எவ்வளவு புல் உண்டோ, அவ்வளவு மூலிகைதான் கருமந்தியின் கறியில். என் இளைப்பு பதினான்கு வயதில் தானாகவே அடங்கியது. சிறுவயது இளைப்பு பலருக்கும் அப்படி அடங்கும். என் விஷயத்தில் பெயர் லேகியத்துக்குப் போயிற்று. நாற்பத்தைந்து வயதில் அது திரும்பி வந்தபோது லேகியத்தைக் குறை சொல்ல வீட்டில் யாரும் உயிரோடு இல்லை.

அந்த வயிற்றுக்கு ஒரு விலையும் உண்டு. இனிப்பான பழுத்த பழத்தை அளவுக்கு மீறித் தின்றால் உள்ளிருக்கும் புளிப்பு தறிகெட்டுப் போய்விடும். என் வாழைப்பழத்தை அது திரும்பிப் பார்க்காததற்குக் கொள்கை காரணம் இல்லை; இன்னும் நம் தீனிக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். தளிர், மொட்டு, பூ, விதை, காய், கொஞ்சம் முற்றிய இலை என்று பருவத்துக்குத் தக்கபடி பல பத்து வகை மரம் கொடிகளிலிருந்து மாற்றி மாற்றித் தின்கிறது. ஒரே மரத்தில் உட்கார்ந்து வயிறு நிறைப்பதில்லை. ஒரே வகை நஞ்சு சேர்ந்துவிடுமே. எனவே அதற்கு வேண்டியது ஒரு மரம் அல்ல, பலவகை மரங்கள் நெருங்கி நிற்கும் ஈரக் காடு. நாட்டுக் குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. கிடைத்ததை அள்ளி அடைத்துக்கொண்டு ஓடி, பிறகு நிதானமாக மெல்லலாம். சோறு, பொரி, தேங்காய்ச் சில்லு, பிஸ்கட் எதுவும் ஆகும். அதனால் அது மதுரைக்கு இறங்கி வந்தது. கல்லடியும் கும்பிடும் வாங்கிக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது. கருமந்தியால் அப்படி எளிதில் இறங்க முடியாது. தெற்கே அகத்தியமலையிலிருந்து வடக்கே குடகு வரை மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைகள். அதைவிட்டால் உலகத்தில் அதற்கு வேறு விலாசம் இல்லை.

அதே காட்டில் சோலைமந்தியும் உண்டு, அதாவது சிங்கவால் குரங்கு. அதுவும் கருப்புதான், ஆனால் முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அது நாட்டுக் குரங்கின் பங்காளி, கன்னப்பை உண்டு. வெடிப்பலாவின் பூவும் காயும் அதற்கு உயிர். உலகம் முழுக்கக் காடுகளில் 4000க்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் கேமராவோடு வருகிறார்கள் என்றார் பெரியவர். கருமந்தியை யாரும் கேட்பதில்லையாம். எனக்கு அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று பட்டது.

நடந்துகொண்டே பழைய கதைகளைக் கேட்டேன். அவர் சின்னப்பையனாக இருந்தபோது மலையில் துப்பாக்கிச் சத்தம் சாதாரணம். கருமந்தியைச் சுடுவது சுலபம் என்றார். ஆபத்து என்றால் அது கத்தி ஊரைக் கூட்டும். தான் இருக்கும் மரத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். கறி, ரத்தம், கல்லீரல் எல்லாவற்றுக்கும் கீழே ஆள் உண்டு. "சார், சில பேர் சுட்ட சூட்டோடு ரத்தத்தைக் குடிப்பார்கள். மூச்சு முட்டுவது நிற்குமாம்" என்றவர், என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த இன்ஹேலரைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் என் கதையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி எதுவும் அடையவில்லை. "நானும் தின்றிருக்கிறேன் சார். எனக்கு இளைப்புகூட இல்லை" என்றார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கருமந்தி அதன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. 7 ஆண்டுவரை போகலாம். என் அப்பத்தா பாட்டிலோடு வீட்டுக்கு வந்தபோது சட்டத்துக்கு ஐந்தாறு வயதாகியிருந்தது. உசிலம்பட்டிச் சந்தைக்கு அது வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆனால் வந்தது. காவல் உள்ள காடுகளில் கருமந்திகள் மெல்ல மெல்லப் பெருகின. சட்டத்தால் எதுவும் நடக்காது என்று திண்ணையில் பேசுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. 2021இல் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின. புலிக்குப் போட்ட வேலியில் குரங்குக்கும் நிழல் கிடைத்தது. வைகை பிறப்பதும் அந்த வருசநாட்டு மலைகளில்தான். சித்திரையில் அழகர் இறங்குகிற ஆற்றின் தலைமாட்டில் கருமந்தி குடியிருக்கிறது.

இப்போதைய தொல்லை துப்பாக்கி அளவுக்குச் சத்தம் போடாதது. தேயிலை, காப்பி, ஏலம், தைலமரம் என்று ஒவ்வொன்றாகச் சோலையை அறுத்துத் திட்டுகளாக்கிவிட்டன. ஒரு திட்டில் ஒரு கூட்டம். அடுத்த திட்டுக்குப் போக நடுவே தேயிலை, தார்ச்சாலை, மின்கம்பி. கிளை இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால் குரங்கு கம்பியைப் பிடிக்கும். பெரியவர் வளைவில் ஒரு கம்பத்தைக் காட்டி, அங்கே ஒரு தாயும் குட்டியும் கருகிக் கிடந்ததைச் சொன்னார். குட்டியின் நிறத்தைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வால்பாறையில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவை அதைப் பிடித்துப் போய்வருகின்றன. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் எந்த இரண்டு மரத்துக்கு நடுவே கட்டுவது என்று தெரிய, குரங்கு எந்த வழியில் போகிறது என்பதை யாராவது நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இறங்கும்போது காட்சிமுனையில் ஒரு வேன் நின்றது. மதுரை வண்டிதான். ஓர் அப்பா தன் பையனிடம் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து, சாலையோரம் உட்கார்ந்திருந்த நாட்டுக் குரங்குக்கு நீட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலே, மரத்தின் உச்சியில், ஒரு கருமந்தி கீழே நடப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீலகிரியில் சில இடங்களில் கருமந்திகள் வீட்டுத் தோட்டங்களுக்கே வரப் பழகிவிட்டன என்று படித்தது நினைவுக்கு வந்தது. போட வேண்டாம் என்று சொன்னேன். "பாவம் சார், பசிக்குமே" என்றார். உப்பும் எண்ணெயும் சேர்ந்த தீனியைப் பற்றி நான் ஆரம்பித்த சொற்பொழிவை அவர் பாதியிலேயே விட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். நானும் கொஞ்சம் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மதுரைக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் பேத்திக்கு நாலு வயது, பனியில் மூச்சிரைக்கிறது. "சின்ன வயதில் உனக்கு ஒரு லேகியம் கொடுத்தார்களே, அது இப்போது எங்கே கிடைக்கும்?" என்றான். டாக்டரிடம் காட்டி, குழந்தைகளுக்கான இன்ஹேலரும் அதோடு மாட்டுகிற குழாயும் வாங்கச் சொன்னேன். ஜெயில் தண்டனையைச் சொன்னேன். இலையையும் வயிற்றையும் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் நீ பிழைத்தாயே, அண்ணே" என்றான்.

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. மலையில் எடுத்த படங்களில் ஒன்றைத் தேடி வாட்ஸப்பில் அனுப்பினேன். கிளையில் சாய்ந்து, ஒரு கையால் சுள்ளியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிற படம். நெடுநேரம் பதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு எழுதியிருந்தான்: "அண்ணே, இது அப்படியே நம் தாத்தா முகம். இதையா உனக்குக் கொடுத்தார்கள்?"